உடைஞ்ச பட்டையை காயலான்கடைக்கு போடறதுக்கு முன்னாடி
(வண்டி கேள்வி-பதில்)

இந்த தடவை வந்த கேள்வியில முக்கால்வாசி முன்பக்க பட்டை பத்திதான், அதாவது வண்டி எடையை தாங்கற லீஃப் ஸ்பிரிங். மழை முடிஞ்சு ரோடு பூரா குழியா கெடக்கற நேரம், வேற எதைப் பத்தி வரும். ஒட்டன்சத்திரத்து வாசகர் கேட்டதுக்கு மட்டும் கொஞ்சம் நீளமா எழுதியிருக்கேன், ஏன்னா அவரு சொல்ற கதை ஊர் ஊருக்கு நடக்கற கதை. மத்ததுக்கு சுருக்கமா.

கேள்வி: ஐயா, எங்கிட்ட 2003 மாடல் டாடா 407 இருக்கு, மார்க்கெட்டுல இருந்து காய்கறி லோடு ஓட்டறேன். கொஞ்ச நாளா வண்டி முன்னாடி இடது பக்கம் சாஞ்சு நிக்குது. பிரேக் அடிச்சா கீழ டங்குனு ஒரு சத்தம், ஸ்டீயரிங்கும் இடது பக்கமே இழுக்குது. இடது டயர் உள்பக்கமா தேயுது. மெக்கானிக் ஷாக் அப்சார்பர் போயிருச்சுன்னு ரெண்டு பக்கமும் புதுசு போட்டுட்டாரு, ஒரு மாத்தமும் இல்ல. இப்ப எக்ஸ்ட்ரா பட்டை ஒண்ணு சொருகிடலாம்ங்கறாரு. சொருகலாமா?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: சொருகாதீங்க. இன்னும் என்ன போச்சுன்னே யாரும் பாக்கலை, அதுக்குள்ள எதுக்கு சொருகணும்?

மொதல்ல ஷாக் விஷயம். உங்க வண்டியில ஷாக் அப்சார்பர் எடையை தாங்கறதே இல்லை, பட்டை ஆடறதை அடக்கறது மட்டும்தான் அதோட வேலை. ரெண்டு ஷாக்கையும் கழட்டி கீழ வெச்சாலும் வண்டி அதே உயரத்துலதான் நிக்கும். அப்ப வண்டி ஒரு பக்கம் சாஞ்சிருக்குன்னா ஷாக் மேல பழி போட வழியே இல்லை. போட்ட காசு போச்சு, சரி விடுங்க, புது ஷாக் வண்டியிலதானே இருக்கு.

இப்ப நீங்களே பாக்க வேண்டியது. லோடு இல்லாம வண்டியை சமதளத்துல நிறுத்துங்க, பெட்ரோல் பங்க் காங்கிரீட் தரை மாதிரி எடம் கிடைச்சா நல்லது, ரோட்டோரம் வேண்டாம், ரோடே ஓரமா சரிவாத்தான் போட்டிருப்பாங்க, வண்டி சாயாம என்ன பண்ணும். முன் டயர் ரெண்டுலயும் காத்து ஒரே அளவு இருக்கான்னு பாருங்க. அப்புறம் டேப் எடுத்து ஆக்சில்ல இருந்து நேர் மேல சேஸ் (வண்டியோட இரும்பு சட்டம்) அடிப்பக்கம் வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. கேபின் விளிம்புல இருந்து அளக்காதீங்க, பழைய வண்டியில கேபின் மவுண்ட் ரப்பர் நசுங்கி கேபின் மட்டும் சாஞ்சு நிக்கும், பட்டை நல்லாவே இருக்கும். சேஸ்ல அளந்தும் இடது பக்கம் நல்லா கொறையுதுன்னா அப்ப பட்டைதான். இன்னொண்ணு, பின் பட்டை ஒரு பக்கம் தொங்கிட்டாலும் முன்னாடி சாஞ்ச மாதிரி காட்டும். அதனால பின்னாடியும் ஒரு அளவு எடுத்து எழுதி வெச்சுக்கோங்க.

அடுத்த அளவுதான் முக்கியம், இதை பல பேரு எடுக்கறதே இல்லை. ஸ்டீயரிங்கை நேரா வெச்சுட்டு முன் சக்கர ஹப்போட நடுவுல இருந்து பின் சக்கர ஹப்போட நடு வரைக்கும் இடது பக்கம் அளங்க, அதே மாதிரி வலது பக்கம். ரெண்டும் ஒண்ணா வரணும். இடது பக்கம் கொறைஞ்சு வந்தா இடது பக்கம் ஆக்சில் பின்னாடி நகந்திருக்குன்னு அர்த்தம், அது நகரணும்னா சென்டர் போல்ட் அறுந்திருக்கணும், இல்லேன்னா கட்டுலயே நீளமான மேல் பட்டை, அதான் மெயின் பட்டை, உடைஞ்சிருக்கணும். பட்டைக்கட்டு மொத்தத்தையும் கோத்து பிடிக்கற போல்ட்டுதான் சென்டர் போல்ட், அதோட தலை ஆக்சில் மேல இருக்கற குழியில போய் உக்காரும், ஆக்சில் முன்ன பின்ன போகாம நிக்கறதே அந்த ஒரு தலையாலயும் பட்டைக்கட்டை ஆக்சிலோட சேத்து இறுக்கி வெச்சிருக்கற, U மாதிரி வளைஞ்ச யு போல்ட்டாலயும்தான். ஆக்சில் எந்த பக்கம் பின்னாடி போயிருக்கோ வண்டி அந்த பக்கம் இழுக்கும். பிரேக் அடிக்கறப்ப சக்கரம் நிக்கப் பாக்குது, வண்டி முன்னாடி போகப் பாக்குது, நடுவுல லூசா இருக்கற ஆக்சில் இன்னும் கொஞ்சம் பின்னாடி போய் முட்டும். உங்க டங் சத்தம் அதுவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஸ்டீயரிங் பாக்ஸ்ல இருந்து வர்ற டிராக் லிங்க் ராடு சேஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல நிக்குது, ஆக்சில் நகந்தா நீங்க ஸ்டீயரிங்கை தொடாமலே அந்த ராடு சக்கரத்தை திருப்பிடும், இழுக்கறதுக்கு அது வேற ஒரு காரணம்.

அளந்தாச்சுன்னா கீழ போய் பாருங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க, சேஸுக்கு ஸ்டாண்டு குடுங்க, பின் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை போடுங்க. மண்ணும் கிரீஸும் அப்பியிருக்கற பட்டையில எதுவும் தெரியாது, வயர் பிரஷ் போட்டு தேச்சு டீசல் வெச்சு தொடைச்சுட்டு டார்ச்சை பக்கவாட்டுல இருந்து அடிங்க. உடைஞ்ச பட்டை கொஞ்சமாவது வெலகி நிக்கும், கட்டோட ஓரத்தை விரலால தடவிட்டே போனா ஒரு எடத்துல படி மாதிரி தட்டுப்படும். பட்டைக்கு நடுவுல செவப்பா துருப்பொடி கசிஞ்சிருந்தா அங்க ரெண்டு பட்டை ஒண்ணோட ஒண்ணு அரைச்சிட்டிருக்குன்னு அர்த்தம். யு போல்ட் உக்கார்ற எடத்துல பெயிண்ட் உரிஞ்சு இரும்பு பளபளன்னு தெரியுதா? நட்டு லூசுதான். அப்புறம் உள்ள ஒருத்தரை உக்கார வெச்சு ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிட்டு பட்டையோட ஒரு முனையை சேஸ்ல தொங்க விடற ஷேக்கிளையும் அதுல நுழையற பின்னையும் பாருங்க, பின்னை சுத்தி இருக்கற புஷ் போயிருந்தா பின் அதோட ஓட்டைக்குள்ள தனியா ஆடறது கண்ணுக்கே தெரியும்.

டயர் உள்பக்கம் தேயறதை இதோட சேக்காதீங்க. கார்ல ஸ்பிரிங் எறங்கினா சக்கரம் சாயும், ஆனா 407-ல முன்னாடி ஒரே கம்பியா ஆக்சில் இருக்கறதால பட்டை தொங்கினாலும் சக்கரத்தோட சாய்வு பெருசா மாறாது. உள்பக்கம் தேஞ்சா ஒண்ணு டோ அளவு (முன் சக்கரம் ரெண்டும் நேரா பாக்குதான்னு சொல்ற அளவு) வெளிப்பக்கமா விரிஞ்சிருக்கணும், இல்ல சக்கரம் திரும்பறதுக்கு அச்சா நிக்கற கிங் பின்னோட புஷ் போயிருக்கணும், இல்ல வீல் பேரிங் லூசா இருக்கணும், ஆக்சிலே வளைஞ்சிருக்கறதும் உண்டு. ஆக்சிலுக்கு அடியில ஜாக்கி போட்டு சக்கரத்தை தூக்கி, மேல ஒரு கை கீழ ஒரு கை வெச்சு ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. மிதிச்சதும் ஆட்டம் நின்னா பேரிங், மிதிச்சும் ஆடுனா கிங் பின். கிங் பின் வேலை இருந்தா பட்டை கழட்டறப்பவே சேத்து பண்ணிடுங்க, கூலி மிச்சம்.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். பட்டை உடைஞ்சிருந்தா உடனே புதுசு மாட்டிட்டு பழசை காயலான்கடைக்கு போட்டுடறாங்க. போடாதீங்க, கையில எடுத்து எந்த எடத்துல உடைஞ்சிருக்குன்னு பாருங்க, ஏன் உடைஞ்சுதுன்னு அந்த எடமே சொல்லிடும். சரியா நடுவுல, சென்டர் போல்ட் ஓட்டை வழியா உடைஞ்சிருந்தா அது கிட்டத்தட்ட எப்பவுமே யு போல்ட் லூசு. யு போல்ட் இறுக்கமா இருக்கற வரைக்கும் அந்த நடுப்பகுதி வளையறதே இல்லை, லூசான உடனே அங்கயும் வளைய ஆரம்பிக்கும், ஓட்டை போட்ட எடம்தான் பட்டையிலயே பலம் கொறைஞ்ச எடம், அங்கயே போகும். முனையில பின் நுழையறதுக்கு சுருட்டி விட்ட கண்ணு இருக்கே, அதுக்கு பக்கத்துல உடைஞ்சிருந்தா ஷேக்கிள் பின் கிரீஸ் இல்லாம இறுகிப் போயிருக்கான்னு பாருங்க, பின் சுத்தலைன்னா பட்டை நீளறப்பவும் சுருங்கறப்பவும் அந்த கண்ணையே முறுக்கும். ரெண்டுக்கும் நடுவுல, கீழ் பட்டையோட முனை வந்து முட்டற எடத்துல உடைஞ்சிருந்தா அந்த முனை மேல் பட்டையில பள்ளம் பறிச்சிருக்கும், கையில தடவினாலே தெரியும். அதுவும் இல்லேன்னா பட்டைகளை சேத்து பிடிக்கற கிளிப் எங்கயோ கழண்டு விழுந்திருக்கும். குழியில எறங்கி ஏறறப்ப ஆக்சில் கீழ தொங்கும் பாருங்க, அந்த இழுப்பை எல்லா பட்டைக்கும் பிரிச்சு குடுக்கறது அந்த கிளிப்தான். அது இல்லேன்னா மொத்தமும் மெயின் பட்டை தலையில.

உடைஞ்ச முகத்தையும் பாருங்க. பாதி துருப்பிடிச்சு கருப்பா, பாதி வெள்ளையா மினுமினுன்னு இருந்தா, கருப்பா இருக்கற பாதி ரொம்ப நாளைக்கு முன்னாடியே விரிஞ்சது, நேத்து குழியில விழுந்ததுனால வந்ததில்லை. டிரைவரை திட்டறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாத்துடுங்க.

மாட்டறப்ப. மெயின் பட்டை மட்டும் உடைஞ்சு மத்ததெல்லாம் வளைவு நல்லா இருந்தா மெயின் மட்டும் போடலாம், தப்பில்லை. ஆனா உங்க வண்டி 2003 மாடல், மத்த பட்டையும் தட்டையாத்தான் இருக்கும், புது மெயின் அதுக மேல உக்காராது, நடுவுல சந்து விட்டு நிக்கும். கழட்டுன பட்டையை தரையில கவுத்து வெச்சு வலது பக்கத்து பட்டையோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டுமே தொங்கியிருந்தா ரெண்டு பக்கமும் செட்டா மாத்துங்க. ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டா இப்ப இடது பக்கம் சாயற வண்டி நாளைக்கு வலது பக்கம் சாயும், அவ்ளோதான். எக்ஸ்ட்ரா பட்டை சொருகறதுலயும் இதே தொல்லைதான், அதுக்கு மேல பட்டை கெட்டியாகி குழியோட அடி நேரா, பட்டையை சேஸ்ல மாட்டற ஹேங்கர் பிராக்கெட்டுக்கும் சேஸுக்கும் போகும், பழைய யு போல்ட்டுக்கு நீளமும் பத்தாது. நட்டுக்கு வெளிய ரெண்டு மூணு மரையாவது தெரியணும்.

பட்டைக்கட்டை பிரிக்கறப்ப சென்டர் போல்ட்டை சும்மா கழட்டாதீங்க, வைஸ்லயோ சி கிளாம்புலயோ பிடிச்சுட்டு கழட்டுங்க, உள்ள இறுகி நிக்கற பட்டைங்க துள்ளும், கை போயிடும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடிச்ச தகடு இருந்தா கழட்டறதுக்கு முன்னாடியே தடிச்ச பக்கம் எதுன்னு பெயிண்ட்ல குறி போட்டு வைங்க. கிங் பின்னோட சாய்வு அந்த தகட்டுலதான் இருக்கு. தடிச்ச பக்கம் மாறி மாட்டிட்டா வளைவுல திருப்பின ஸ்டீயரிங் தானா திரும்பி வராது, நேர் ரோட்டுல வண்டி அலையும், அப்புறம் எல்லாரும் ஸ்டீயரிங் பாக்ஸை கழட்ட ஆரம்பிப்பாங்க.

யு போல்ட் புதுசுதான் போடணும், பழசு இழுபட்டு நீண்டிருக்கும், திரும்ப இறுக்கினா பிடி நிக்காது. நாலு நட்டையும் கிராஸா, கொஞ்சம் கொஞ்சமா, வண்டியோட எடை சக்கரத்துல இருக்கறப்ப டார்க் ரெஞ்ச் வெச்சு இறுக்குங்க, அளவு உங்க மாடல் மேனுவல்ல இருக்கறதுதான். ரப்பர் புஷ்ஷா இருந்தா ஷேக்கிள் நட்டையும் வண்டியை கீழ எறக்கின பின்னாடிதான் கடைசியா இறுக்கணும், தொங்கறப்ப இறுக்கினா ரப்பர் முறுக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். கிரீஸ் நிப்பிள் இருக்கற பின்னா இருந்தா உள்ள இருக்கற பழைய கருப்பு கிரீஸ் வெளிய போய் புது கிரீஸ் வர்ற வரைக்கும் அடிங்க. ரெண்டு மூணு லோடு ஓட்டினதும் யு போல்ட்டை இன்னொரு தடவை இறுக்கணும், புதுப் பட்டை படிஞ்சு உக்கார்றப்ப நட்டு கட்டாயம் கொஞ்சம் தளரும். நான் பாத்த வரைக்கும் திரும்ப உடைஞ்ச பட்டையில பெரும்பாலானது இந்த ரெண்டாவது இறுக்கல் நடக்காதது. கடைசியா வீல் அலைன்மென்ட்.

கேள்வி: உடைஞ்ச மெயின் பட்டையை வெல்டிங் வெச்சு தர்றேன்னு ஒரு பட்டறையில சொல்றாங்க. செலவு கம்மி. இன்னொருத்தர் பழைய பட்டையையே அடிச்சு வளைவு ஏத்தித் தர்றேங்கறார். எது நல்லது?
- வாசகர், சங்ககிரி

பதில்: வெல்டிங் வேண்டவே வேண்டாம். பட்டை சாதா இரும்பு இல்லீங்க, கார்பன் அதிகமா இருக்கற ஸ்பிரிங் ஸ்டீல், சூடாக்கி எண்ணெயில தோய்ச்சு மறுபடி அளவா சூடு காட்டி பதம் பண்ணினது. வெல்டிங் சூடு பட்ட எடத்துல அந்த பதம் போயிடும், வெல்டுக்கு பக்கத்துலயே கண்ணாடி மாதிரி விறைச்சு மறுபடி உடையும். அதுவும் முன் பட்டை, உடையறப்ப ஸ்டீயரிங் உங்க கையில இருக்காது.

அடிச்சு வளைவு ஏத்தறது வேற விஷயம். சூடு பண்ணாம சுத்தியல்லயோ பிரஸ்லயோ அடிச்சு ஏத்தினா கொஞ்ச காலம் நிக்கும், அப்புறம் தொங்கிடும், ஏன்னா இரும்பு களைச்சுப் போனதுனாலதானே தொங்குச்சு. பின் பட்டைக்கு அவசரத்துக்கு பண்ணலாம். உலையில போட்டு செவக்க வெச்சு வளைச்சு அப்படியே தரையில ஆறப் போடறாங்க பாருங்க, அந்த பட்டறை பக்கம் போகாதீங்க. மறுபடி பதம் பண்ற வசதி இருந்தா மட்டும்தான் சூடு.

கேள்வி: ராத்திரி தொப்பூர் கணவாயில எறங்கறப்ப முன் மெயின் பட்டை உடைஞ்சா என்னண்ணா பண்றது? பக்கத்துல பட்டறையும் இருக்காது.
- டிரைவர், ஓமலூர்

பதில்: மொதல்ல ஓரமா ஒதுங்கி முக்கோணம் வைங்க, அந்த எறக்கத்துல பின்னாடி வர்ற வண்டிக்கு பிரேக் சூடாகி இருக்குமா இருக்காதான்னு நமக்குத் தெரியாது. கிளீனரை வண்டிக்கு பின்னாடி நிக்க விடாதீங்க.

அப்புறம் எந்த பாதி உடைஞ்சிருக்குன்னு பாருங்க. பட்டைக்கு ஒரு முனை ஷேக்கிள்ல தொங்கும், இன்னொரு முனை நேரா பிராக்கெட்டுல பின் போட்டு மாட்டியிருக்கும். ஷேக்கிள் பக்கத்து பாதி உடைஞ்சிருந்தா, ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவுல கட்டை வெச்சு செயின் போட்டு கட்டி, லோடை எறக்கிட்டு, நடக்கற வேகத்துல பக்கத்து பட்டறைக்கு போயிடலாம். பிராக்கெட் பக்கத்து பாதின்னா நகத்தாதீங்க, ஆக்சிலை புடிச்சு வெச்சிருக்கறதே அந்த பாதிதான். ரெண்டாவது பட்டை அந்த கண்ணை சுத்தி வளைஞ்சு வர்ற மாடலா இருந்தா ஆக்சில் உடனே கழண்டு போகாது, ஆனா அதை நம்பி கணவாயில எறங்கறது உங்க உயிரு. ரெக்கவரி வண்டிக்கு சொல்லுங்க, முதலாளி கத்துவாரு, கத்தட்டும்.

கேள்வி: எஃப்.சி.க்கு (வண்டி தகுதிச் சான்றுக்கு) போறதுக்கு முன்னாடி பட்டைக்கு எல்லாம் கருப்பு பெயிண்ட் அடிச்சு விடறாங்க. மழைக்கு முன்னாடி வேஸ்ட் ஆயிலும் அடிக்கறாங்க. நல்லதா?
- வாசகி, பரமத்தி வேலூர்

பதில்: நல்ல கேள்விம்மா. பெயிண்ட் துருவை கொஞ்சம் தடுக்கும், வாஸ்தவம். ஆனா மயிரிழை விரிசல் இருந்தா அதையும் மூடிடும். எட்டு வருசம் தாண்டின வண்டிக்கு வருசா வருசம் எஃப்.சி. எடுத்தாகணும், அப்ப வருசத்துக்கு ஒரு தடவை பட்டையை தேச்சு நல்லா பாக்க அதுதான் சான்ஸ். தேச்சு, பாத்து, அப்புறம் அடிச்சுக்கோங்க.

வேஸ்ட் ஆயில் வேண்டாம். ரப்பர் புஷ் ஊறி உப்பிப் போகும், ஷூ லைனிங்ல ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும், பத்தாததுக்கு தூசி ஒட்டி உப்புத்தாள் மாதிரி பட்டையை அரைக்கும். கிறீச் சத்தம்தான் தொல்லைன்னா பட்டையை பிரிச்சப்ப நடுவுல கிராஃபைட் கிரீஸ் தடவி சேருங்க.

கேள்வி: ஹேங்கர் பிராக்கெட் ரிவிட் ஆடுது. சேஸோட சேத்து வெல்டு வெச்சுடலாமா?
- வாசகர், திருச்செங்கோடு

பதில்: வேண்டாம். ரிவிட்டை அறுத்து எடுத்துட்டு ஓட்டையை பாருங்க, நீள்வட்டமா போயிருந்தா அளவு ஏத்தி ரீமர் போட்டு, உள்ள ஆட்டமில்லாம நுழையற ஹை டென்சைல் போல்ட்டு லாக் நட்டோட போடுங்க. சேஸோட மேல் கீழ் மடிப்புல வெல்டு வெச்சா அந்த எடத்துலயே சேஸ் விரிய ஆரம்பிக்கும். சேஸ்ல ஏற்கனவே விரிசல் இருந்து வெல்டு வெக்க வேண்டி வந்தா அதுக்குன்னு தெரிஞ்ச ஆளுகிட்ட போங்க, பேட்டரி நெகட்டிவை கழட்டிட்டு வைக்கச் சொல்லுங்க.

கேள்வி: புது வண்டிகள்ல முன்னாடி ரெண்டு மூணு பட்டைதான் இருக்கு, ஓட்டவும் மெத்துனு இருக்கு. என் பழைய 1613 லாரிக்கு அதை மாட்டலாமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: அது பாராபோலிக் பட்டை. நடுவுல தடிமனா முனைக்கு போகப் போக மெலிசா இருக்கும், ஒண்ணோட ஒண்ணு ஒரசாம நடுவுல சந்து இருக்கும், அதான் மெத்துனு இருக்கு. ஒரசல் இல்லாததால ஆட்டத்தை அடக்கற வேலை முழுக்க ஷாக் மேல விழும், அதுக்கேத்த ஷாக் வேணும், யு போல்ட் அளவு, வளைவு, பம்ப் ஸ்டாப் எல்லாம் மாறும். உங்க மாடலுக்குன்னு கம்பெனியே குடுத்த செட் இருந்தா போடுங்க. வேற வண்டியில கழட்டினது நீளம் ஒத்துப்போகுதுன்னு வாங்கி மாட்டாதீங்க.

இன்னொரு வாசகர் ஷாக் வேலை செய்யுதான்னு எப்படி பாக்கறதுன்னு கேட்டிருக்காரு, லாரியை கையால அமுக்கிப் பாக்க முடியாதே. மோசமான ரோட்டுல கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தி, சைலன்சர்ல கை படாம ஷாக்கை ஒவ்வொண்ணா மெதுவா தொட்டுப் பாருங்க. வேலை செய்யறது வெதுவெதுன்னு இருக்கும். செத்தது சில்லுனு கெடக்கும்.